அவுட்சைடு ஏஜென்ட்

ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. நம்மவர் விடியற்காலை ஐந்துக்கே எழுந்து, வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வராது என்று தெருவுக்கு அறிவித்துவிட்டார். ஆடப்போகிற அக்கா பையன் பத்து மணி வரைக்கும் போர்வைக்குள் கிடந்தான். அவனுக்கென்ன, பந்தை உதைத்தால் போதும். பொறுப்பெல்லாம் மாமாவுக்குத்தானே.

பெயரைப் போட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது என்கிறார். அதனால் நம்மவர் என்றே வைத்துக்கொள்வோம். ஊர் வியாசர்பாடி. நாள் 2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. வயது ஐம்பத்தெட்டு, ஆனால் மைதானத்தில் அதைச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் அவரும் ஆடியவர்தான். எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று கேட்டால் “எல்லா எடத்துலயும்” என்பார். அவரோடு ஆடிய ஒருவரிடம் தனியாக விசாரித்ததில், பெரும்பாலும் பெஞ்சில் என்று தெரியவந்தது.

அன்றைய உற்சாகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பைக்காக மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. நாலரை வருஷமாக அந்த மோதலில் ஜெயித்தே பார்க்காத ஈஸ்ட் பெங்காலுக்கு, 60-வது நிமிஷத்தில் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் வளைத்து ஒரே ஒரு கோல் போட்டு ஜெயிக்கவைத்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அந்த கோலில் நம்மவருக்கும் பங்கு உண்டு. கோல் விழுந்த நேரத்தில் அவர் டீவி முன்னால் ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்து நின்றிருந்தார். ராசி கலையக் கூடாது என்று மிச்சம் அரை மணி நேரமும் அப்படியே நின்றார். காலை இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பட்டத்தைச் சுமப்பது ஏரியாக்காரர்கள். அசல் பிரேசில் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் 1-7 என்று உதை வாங்கியதே, 2014 ஜூலையில், அன்றைக்கு நம்ம ஊரில் விடிய இன்னும் சில மணி நேரம் பாக்கி. விடிந்ததும் மஞ்சள் பனியனைப் பரணில் தூக்கிப்போட்டு, டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனவர் நம்மவர். “நீங்க தோத்துட்டீங்களாமே?” என்று கேட்டவர்களுக்கு, என்னமோ தானே கோட்டை விட்ட மாதிரி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டம் சும்மா வந்ததும் இல்லை. குடிசைப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் வருஷக்கணக்காகப் பந்து பழக்கிய ஏரியா இது. சென்னையின் எஃப்.சி. 2018-இல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைத் தூக்கியபோது நடுக்களத்தில் நின்ற தனபால் கணேஷ் இந்தப் புழுதியில் உருண்டவர். அந்த வருஷம் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் போட்டார். பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்து நாயகன் காளி ஓய்ந்த நேரத்தில் பந்தோடு திரிவதும் இந்த மண்ணைப் பார்த்துத்தான். இதையெல்லாம் நம்மவர் வெளியூர் ஆள் யார் கிடைத்தாலும் சொல்வார். கூடவே 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்ம ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸை மிரட்டியதையும் சொல்வார். அந்த ஆட்டத்தில் இந்தியா இரண்டு பெனால்டியை வீணடித்து 1-2 என்று தோற்ற பாகம் வருவதற்குள் அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

மூன்றரைக்கு மைதானம் போனால் முதல் சிக்கல் தயாராக இருந்தது. நம்ம தெரு அணியும் மஞ்சள் சட்டை, எதிர் அணியும் மஞ்சள் சட்டை. குட்டி பிரேசிலில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பூவா தலையா போட்டதில் நம்ம பையன்கள் தோற்று, பயிற்சிக்குப் போடும் ஆரஞ்சு பிப்பை மேலே மாட்டிக்கொண்டார்கள். முதுகில் எழுதியிருந்த பெயர் மட்டும் பிப்புக்குக் கீழே எட்டிப் பார்த்தது. எதிர் அணியில் மூன்று நெய்மார், நம்மிடம் இரண்டு. மைக் பிடித்திருந்த தம்பிக்கு யார் பெயரும் தெரியாது, முதுகைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். “நெய்மாரிடம் பந்து... அருமையாக எடுத்துச் செல்கிறார்... ஆஹா, நெய்மாரிடமிருந்து பறித்துவிட்டார் நெய்மார்! நெய்மார் விழுந்துவிட்டார்!” இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது சிக்கல் கோடு. ஃபுட்பால் சட்டப்படி கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. காலையில் சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு அந்த அளவில்தான் இருந்தது. ஆனால் அந்த மைதானத்தில் கேலரி கிடையாது. வந்த ஜனம் கோட்டோரத்தில் நிற்கும். பின்னால் வந்தவன் தெரியவில்லை என்று தள்ளுவான். முன்னால் நிற்கிறவன் செருப்பு ஒரு அங்குலம் உள்ளே போகும். லைன்ஸ்மேன் கொடியோடு ஓடிவந்து “பின்னாடி போங்கண்ணா, பின்னாடி போங்க” என்று கெஞ்சுவார். கூட்டம் ஓரடி பின்வாங்கும், அவர் முதுகு திரும்பியதும் ஒன்றரை அடி முன்னேறும். பாதி ஆட்டத்துக்குள் சுண்ணாம்பு முழுக்கச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டது. அதன்பிறகு கோடு என்பது ஜனங்களின் கால் கட்டைவிரல்தான்.

நம்மவர் நின்றது வலது ஓரத்தில், அக்கா பையன் ஓடிவரும் பக்கம். அவர் இடுப்புக்குக் கீழே, பால் ஐஸைச் சப்பிக்கொண்டு ஒரு பொடியன் நின்றான். பத்து வயது இருக்கும். காலையில் கோச்சிங் போகிறவன் போலிருக்கிறது, காலில் முட்டி வரைக்கும் சாக்ஸ். அவன் நம்மவரை நிமிர்ந்து பார்த்து, “தாத்தா, கொஞ்சம் தள்ளு” என்றான். அவரைப் பொறுத்தவரை அன்றைய முதல் ஃபவுல் அதுதான். நடுவர் கவனிக்கவில்லை.

பாதிக்கு முப்பது நிமிஷம் என்று கணக்கு. பன்னிரண்டாவது நிமிஷம் நம்ம அணியின் நடு ஆட்டக்காரன் தனியாக கோலிக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து மைக்கில், “நமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம். ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவில் வரிசையாக நிற்கவும்!” நடுவர் விசில் ஊதினார். பையன் இடுப்பில் கை வைத்து நின்றான். எதிர் அணி கோலி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். விருந்தினர் இருபத்திரண்டு பேருக்கும் கை கொடுத்தார், கமிட்டிக்காரர்கள் அவருக்கு ஆறு பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஏற்கெனவே பன்னிரண்டு நிமிஷம் ஓடிவிட்ட ஆட்டத்தைப் பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். பந்து மூன்றடி போனது. செருப்பு அதைவிடக் கூடுதலாகப் போனது.

இடைவேளைக்கு முன்னால் ஆளுக்கொரு கோல் விழுந்துவிட்டது. நம்ம கோலைப் பற்றி நம்மவர் இருபது நிமிஷம் பேசுவார். எதிர் அணி கோல் விழுந்தபோது அவர் சுண்டல் வாங்கப் போயிருந்தார். அதனால் அவர் கணக்கில் அது செல்லாது.

செல்லாது என்று அவர் அன்றைக்கு அறிவித்தவை ஏராளம். எதிர் அணிக்காரன் த்ரோ போட, கோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றவன் பந்தை வாங்கியதும் “ஆஃப்சைடு! ரெப்பு, கண்ணு தெர்ல?” என்று நம்மவர் எகிறினார்.

“த்ரோவுக்கு ஆஃப்சைடு கெடையாது தாத்தா,” என்றது கீழேயிருந்து ஒரு குரல். ஐஸ் பாதி தீர்ந்திருந்தது.

“யார்ரா சொன்னது?”

“சட்டத்துல கீது.”

நம்மவர் சட்டத்தோடு சண்டைக்குப் போவதில்லை. சுண்டல் பொட்டலத்தில் மும்முரமானார்.

இரண்டாம் பாதியில் நம்ம அணியின் ஐந்தாம் நம்பர் மஞ்சள் அட்டை வாங்கினான். இந்த அட்டை வந்த கதை ரசமானது. கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர், 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில் யாரை எச்சரித்தார்கள், யாரை வெளியேற்றினார்கள் என்றே புரியாமல் நடந்த கூத்தை மனதில் அசைபோட்டபடி லண்டனில் கார் ஓட்டிப் போயிருக்கிறார். சிக்னல் விளக்கைப் பார்த்ததும் பொறி தட்டியது. மஞ்சள் என்றால் நிதானம், சிவப்பு என்றால் நிறுத்து. 1970 உலகக் கோப்பையில் அட்டைகள் வந்துவிட்டன. ஆஸ்டன் லண்டனில் கார் ஓட்டினார், சரி. மூலக்கடை சிக்னலில் ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் யோசனையைக் கைவிட்டிருப்பார். மஞ்சளைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற ஊர் இது. நம்ம ஐந்தாம் நம்பரும் இந்த ஊர்ப் பையன். அட்டையைப் பார்த்தபிறகுதான் வேகமெடுத்தான். அவனை உட்காரவைப்பதற்குள் கோச்சுக்குத் தொண்டை போய்விட்டது.

ஆட்டம் முடிய நாலு நிமிஷம். 1-1. இங்கேதான் நம்மவர் களம் இறங்குகிறார்.

நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு நீளமாக ஒரு பந்து வந்தது. அக்கா பையன் பறந்து வருகிறான். எதிர் அணியின் பேக், எட்டி ஒரு கால் வைத்ததில் பந்து லேசாக உரசித் திசை மாறி, கோட்டோரமாக, அதாவது கட்டைவிரல்களின் ஓரமாக, உருண்டு வருகிறது. பேக் வழுக்கி விழுந்துவிட்டான். பையனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பந்தை எடுத்து உள்ளே வெட்டினால் கோலி மட்டும்தான், நேற்று நந்தகுமார் வெட்டிய மாதிரியே. நம்மவர் கண்ணுக்கோ பந்து வெளியே போய்விட்டதாகத் தெரிந்தது. உரசியது எதிரி கால், ஆக த்ரோ நமக்கு. நேரம் வேறு போகிறது, பந்து கூட்டத்துக்குள் போய்விட்டால் தேடி எடுக்க அரை நிமிஷம் ஆகும். மருமகனுக்கு உதவலாமே என்று, நல்ல எண்ணத்தில், வலது கால் ரப்பர் செருப்பைப் பந்தின் மேல் அழகாக வைத்து நிறுத்தினார். அவருடைய ஆட்ட வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக அவர் பந்தை நிறுத்தியதில்லை.

விசில்.

மைதானம் ஒரு வினாடி அமைதியாக இருந்தது. பிறகு அமைதியாக இல்லை.

பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. ஒரு நூலளவு கோட்டுக்கு மேலே இருந்தாலும் அது உள்ளேதான். கத்தார் உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் இதே நூலிழையில்தான் கோல் போட்டது, உலகமே கேமராவில் பார்த்தது. வியாசர்பாடியில் கேமரா இல்லை, நடுவர் மட்டும் பத்தடியில் நின்றிருந்தார். “பந்து உள்ள இருக்கு. ட்ராப் பால்,” என்றார். அதுவும் யாருக்கு? 2019-இல் திருத்தி அப்போது நடப்பில் இருந்த விதிப்படி, கடைசியாகத் தொட்ட அணிக்கு. கடைசியாகத் தொட்டது எதிர் அணியின் பேக். அவனோ இன்னும் தரையில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். தனக்குப் பந்து வருகிறது என்று தெரிந்ததும் குணமாகிவிட்டான்.

நம்ம அணி மொத்தமும் வலது ஓரத்துக்கு ஓடிவந்தது. பாதிப் பேர் நடுவரிடம், மீதிப் பேர் நம்மவரிடம். “அவரு எங்க ஆளு சார், எங்க ஆளு தொட்டா எங்களுக்குத்தானே தரணும்?” என்று கேப்டன் ஒரு புதிய சட்டவாதத்தை முன்வைத்தான். நடுவர் பொறுமையாக, “அவர் பிளேயர் இல்ல தம்பி. சட்டத்துல அவர் அவுட்சைடு ஏஜென்ட்,” என்றார்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட்டத்தில் முன்வரிசைக்குக் கேட்டது ‘ஏஜென்ட்’ மட்டும். இரண்டாவது வரிசைக்கு, “அந்தாளு அவுங்க ஏஜென்ட்டாம்பா” என்று போனது. நாலாவது வரிசைக்குப் போகும்போது, “துட்டு வாங்கினு பந்த நிறுத்திட்டாரு” என்று முழுக்கதையாகிவிட்டது. மைக் தம்பி வேறு, நிலைமையை விளக்குகிற நல்லெண்ணத்தில், “ஏஜென்ட் ஒருவரின் குறுக்கீட்டால் ஆட்டம் சற்று நேரம் தடைப்பட்டுள்ளது” என்று அறிவித்தான்.

“நாப்பது வருசமா இந்தத் தெருவுல கீறேன்டா! நானாடா வெளியாளு?” என்று நம்மவர் கத்தியது மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இதற்குள் நடுவர் பந்தைக் கீழே போட்டார். நாலு மீட்டர் தள்ளி நின்று பந்தைப் பார்க்கவேண்டிய நம்ம ஆட்கள், பந்துக்கு முதுகைக் காட்டி, நம்மவரைச் சூழ்ந்து நின்றார்கள். பேக் ஓங்கி ஓர் உதை விட்டான். நடுக்கோட்டுக்குத் தங்கள் பக்கமாக, சும்மா, வேடிக்கை பார்த்தபடி நின்றிருந்த அவர்களுடைய நெய்மார்களில் ஒருவன் பந்தைத் துரத்தி ஓடினான். அவனுக்கும் நம்ம கோலிக்கும் நடுவில் புழுதியைத் தவிர ஒன்றும் இல்லை. 1-2.

“ஆஃப்சைடு!” என்றார் நம்மவர். பழக்கதோஷம்.

“அவங்க பாதிலேந்துதானே கெளம்புனான்? சொந்தப் பாதில ஆஃப்சைடு வராது,” என்றான் பொடியன். ஐஸ் தீர்ந்து குச்சி மட்டும் இருந்தது.

அன்றிரவு விசாரணைக் கமிஷன் அத்தோ கடையில் கூடியது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸைக் கையால் பிசைந்து, வெங்காயமும் கோஸும் பொரித்த பூண்டும் போட்டு, புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் விட்டுத் தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். தோற்ற இரவுகளில் மிளகாய்த்தூள் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்வது வழக்கம், கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்லலாம். அக்கா பையன் எதிரே உட்கார்ந்திருந்தான். மாமாவைப் பார்க்காமல் அவித்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொடியனும் அப்பாவோடு வந்திருந்தான். நம்மவரை அவனுக்குப் பிடித்துவிட்டது போலும், பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னான். “ஏஜென்ட்னா திட்டு இல்ல தாத்தா. ஆட்டத்துல இல்லாத ஆளு எல்லாரும் அதுதான். நாயி, மாடு, பலூனுகூட அதுலதான் வரும்.”

ஆறுதல் அவ்வளவாக வேலை செய்யவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் நம்மவர் போனைத் தட்டிப் பார்த்தார். பொடியன் சொன்னது சரிதான். கூட்டணியும் மோசமில்லை. 2009 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் மைதானத்தில், லிவர்பூல் கோலுக்கு முன்னால் கிடந்த சிவப்புக் கடற்கரைப் பந்து ஒன்றின் மேல் பட்டு ஆட்டப் பந்து திசைமாறி கோலுக்குள் போனது. சட்டப்படி அங்கேயும் ட்ராப் பால்தான். ஆனால் நடுவர் கோல் கொடுத்துவிட்டார், 1-0 என்று ஆட்டமே முடிந்துபோனது. காற்றடைத்த பலூனுக்கு ஒரு கோல், ஐம்பத்தெட்டு வயது மனுஷனுக்கு ஏச்சு. 1962 உலகக் கோப்பையில், சிலியில், பிரேசில்-இங்கிலாந்து ஆட்டத்துக்கு நடுவே ஒரு நாய் புகுந்து எல்லோருக்கும் டிமிக்கி கொடுத்தது. கடைசியில் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸ் நாலு காலில் தவழ்ந்து போய்ப் பிடித்தார். நாய் நன்றியாக அவர் சட்டையை நனைத்துவிட்டதாம். அந்த நாயை பிரேசிலின் கரிஞ்சா வீட்டுக்கே கூட்டிப்போய் வளர்த்ததாகச் சொல்வார்கள். நம்மவர் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அசல் பிரேசிலில் வெளியாளுக்கு இவ்வளவு மரியாதை.

“இன்னாங்க ஏஜென்ட்டு, லைட்ட அமுத்துறீங்களா?” என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா குரல் வந்தது. செய்தி அவருக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். போகக் கூடாது என்று சனிக்கிழமை இரவு வரைக்கும் உறுதியாக இருந்தவர், மூன்றரைக்கெல்லாம் மைதானத்தில் நின்றார். ஆனால் கோட்டிலிருந்து எட்டடி தள்ளி, மைதானத்து மூலையில் ஓடும் சாக்கடைப் பக்கமாக, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு. பொடியன் அன்றைக்கும் வந்திருந்தான். அன்றைக்குச் சேமியா ஐஸ்.

கடைசி ஐந்து நிமிஷம். நம்ம அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. எதிரியின் காலில் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டி, சுண்ணாம்பைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, நேராக நம்மவரை நோக்கி உருண்டு வந்தது. த்ரோ போட அக்கா பையன் ஓடிவந்து நின்று கையை நீட்டினான். “மாமா, பந்து! சீக்கிரம்!”

நம்மவர் அசையவில்லை. பந்து அவர் வலது கால் பக்கமாக வந்தது. காலை மெல்லத் தூக்கி அதற்கு வழிவிட்டார். குனிந்து பொடியனிடம், “தாண்டிச்சாடா?” என்று கேட்டார்.

பொடியன் ஐஸை வாயிலிருந்து எடுத்து, கோட்டைப் பார்த்து, பந்து உருண்டுபோன வழியைப் பார்த்து, நிதானமாகச் சொன்னான்: “தாண்டிச்சு தாத்தா. முழுசா.”

“எடுக்கலாமா?”

“எடுக்கலாம்.”

பின்னால் சாக்கடையில் ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்டது. கமிட்டியிடம் அன்றைக்கு இருந்தது அந்த ஒரு பந்துதான்.